நான்காயிரத்தில் ஒரு பள்ளம்

என் தாய்மாமா எதைக் கேட்டாலும் "அதான்" என்பார். மழை வரும்போல இருக்கிறதே என்றால், அதான். கதவை யார் திறந்து போட்டது என்றால், அதான். ஒருமுறை அம்மா, "டேய், நான் செத்தா நீ அழுவியா?" என்று கேட்டதற்கும் "அதான்க்கா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். அம்மா அதை இரண்டு நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு அது எங்கள் வீட்டில் விளையாட்டாகவே ஆகிவிட்டது. யாராவது பதில் சொல்லத் திணறினால் மற்றவர்கள் "அதான்" என்று எடுத்துக் கொடுப்போம்.

நான் கல்லூரியில் சேர்ந்த அன்று என்னுடன் வந்தவர் மாமாதான். அப்பா இறந்த பிறகு எங்களோடு வந்து தங்கியவர், எல்லாக் கையெழுத்துக்கும் அவர்தான். முதல்வர் என் விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "உங்க குடும்பத்துல காலேஜ் வாசலை மிதிக்கிற முதல் ஆள் இவங்கதானா?" என்று கேட்டார். மாமா கொஞ்சமும் யோசிக்காமல் "அதான் சார்" என்றார். அதைவிடப் பொருத்தமான பதில் இருக்க முடியாது. நான் பெருமையில் நெளிந்தேன். அவருக்கு அந்தக் கேள்வியில் ஒரு சொல்லும் சரியாகக் கேட்டிருக்காது என்பது எனக்குத் தெரிய ஐந்து வருடம் ஆயிற்று. அந்த ஐந்தில் நாலு வருடம் நான் படித்தது, மனிதர்களுக்குக் காது கேட்கிறதா என்று சோதிக்கும் படிப்பு.

மாமாவுக்கு வயது நாற்பத்தேழு. தகர டப்பாக்களுக்கு மூடி வெட்டும் தொழிற்சாலையில் பிரஸ் ஓட்டினார். தகட்டைத் தள்ளினால் மேலிருந்து அச்சு இறங்கி மூடியை வெட்டிப் போடும். நிமிடத்துக்கு எழுபது முறை. இருபத்து நான்கு வருடமாக நிமிடத்துக்கு எழுபது முறை. தொழிற்சாலை கொடுத்த காதடைப்பான்களை அவர் போட்டுக்கொண்டதில்லை. காரணம் தயாராக இருக்கும். அச்சு கூராக இருந்தால் 'டக்' என்று வெட்டும். மழுங்க ஆரம்பித்தால் 'டொக்' என்று வரும். அந்த வித்தியாசம் காதில் விழாவிட்டால் ஒரு மணி நேரத்து மூடியும் குப்பைக்குப் போகும். "காதை அடைச்சுக்கிட்டு பிரஸ் ஓட்டறது, கண்ணைக் கட்டிக்கிட்டு பஸ் ஓட்டற மாதிரி" என்பார். அந்தப் பிரிவில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்.

பத்து வருடத்துக்கு முன்பு, ஒரு டீ இடைவேளையில், யாருடைய செல்போனிலோ ராக்கபிலி என்ற இசையை முதன்முதலாகக் கேட்டாராம். பழைய காலத்து ஆட்டப் பாட்டுதான். இன்று அதை வாசிக்கிறவர்கள் இன்னும் வேகமாக, இன்னும் சத்தமாக வாசிக்கிறார்கள். ஒரு கிட்டார், ஒரு சின்ன டிரம், ஆள் உயரத்துக்கு, பெரிய வயலின் போல நிற்கும் ஒரு பேஸ். பேஸின் தடித்த தந்தியைச் சுண்டி இழுத்து விட்டால் அது பலகையில் மோதி 'டக்' என்னும். அது அடங்குவதற்குள் உள்ளங்கையால் ஓர் அறை. டக்-கு-டக்-கு-டக்-கு என்று குதிரை ஓடுவதுபோல அது போய்க்கொண்டே இருக்கும். கேட்கிறவன் கால் சும்மா இருக்காது. "என் பிரஸ்ஸுக்குப் பாட்டு வந்தா இப்படித்தான் பாடும்" என்று மாமா அன்று சொன்னதாக அவருடைய சக தொழிலாளிகள் இன்றும் சொல்கிறார்கள்.

மூடப்போகும் ஒரு பள்ளிக்கூடத்தின் சாமான் அறையிலிருந்து, வயிற்றில் விரிசல் விட்ட ஒரு பேஸைத் தூக்கிக்கொண்டு வந்தார். விரிசலுக்கு உள்பக்கம் டப்பாத் தகரத்தை வளைத்து ஒட்டினார். எங்கள் வீட்டில் அதை நிறுத்த ஒரே ஒரு மூலைதான் இருந்தது. அம்மா அதற்கு 'ஆள்' என்று பெயர் வைத்தாள். "ஆள் மேல துண்டைப் போடாதே." "ஆளைக் கொஞ்சம் நகத்து, பெருக்கணும்." மாமா கல்யாணம் செய்துகொள்ளாதவர். வந்தவர்கள் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் அம்மா மூலையைக் காட்டுவாள். "பண்ணிக்கிட்டானே. அதோ நிக்கிறா பாருங்க. வந்த நாள்லேருந்து ஒரு டம்ளரைக் கழுவினதில்லை."

கிட்டாரும் பாட்டும் எங்கள் தெருமுனை சலூன்காரர். முன்முடியைத் தூக்கி, கிரீம் தடவி, அலை எழும்பியதுபோல நிறுத்தியிருப்பார். அவருக்கு எல்லோரும் வைத்த பெயர் கொண்டை. டிரம் வாசித்தவர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். பாதிப் பாட்டில் போன் வந்தால் குச்சியைப் போட்டுவிட்டு ஓடிவிடுவார். மூன்று பேரும் தங்களை 'மூணு ஆணி' என்று அழைத்துக்கொண்டார்கள். சலூன் விடுமுறை நாளில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே பயிற்சி செய்வார்கள். கண்ணாடிகள் அதிரும், தட்டிலிருக்கும் சீப்புகள் நகர்ந்து நகர்ந்து கீழே விழும். கடைத் திறப்பு, கல்லூரி விழா என்று ஏழு வருடம் வாசித்த பிறகு போன வருடம் ஓர் ஆல்பம் போடுவது என்று முடிவு செய்தார்கள். எட்டுப் பாட்டு. ஒன்றுகூடப் பதிவாவதற்கு முன்பே பெயர் வைத்தாயிற்று: 'பக்கத்து வீட்டார் மன்னிக்கவும்.'

ஏறக்குறைய அதே சமயத்தில் எனக்கு வேலை கிடைத்தது. காது பரிசோதனை நிலையம். அவர்களிடம் ஒரு வேன் இருந்தது, வேனுக்குள் வெளிச்சத்தம் புகாத ஒரு கண்ணாடிக் கூண்டு. தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய் வருடத்துக்கு ஒருமுறை தொழிலாளர்களின் காதைப் பார்ப்போம். கூண்டுக்குள் உட்காருகிறவருக்குக் காதில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். நான் வெளியிலிருந்து மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவேன். கேட்டால் அவர் பொத்தானை அமுக்க வேண்டும், என் பக்கம் ஒரு விளக்கு எரியும். தடித்த ஒலியிலிருந்து கீச்சு ஒலி வரை ஏழு வகை. ஒவ்வொன்றும் எவ்வளவு மெலிந்தால்கூடக் கேட்கிறது என்று தாளில் புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோட்டால் இணைப்பேன். இரைச்சலில் வேலை செய்கிறவர்களுடைய கோடு, நான்காயிரம் ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும் இடத்தில் திடீரென்று இறங்கி, பிறகு லேசாக ஏறும். பள்ளம் என்போம். தகரத்தின் கூர்மை, கத்திரியின் சத்தம், பேச்சில் வரும் 'ச'வும் 'ஸ'வும் எல்லாம் அந்த அக்கம்பக்கத்தில் இருப்பவை. ஒருமுறை அங்கே பள்ளம் விழுந்தால் அது தூராது. மருந்து கிடையாது, அறுவை சிகிச்சை கிடையாது. அதை முகம் மாறாமல் சொல்லப் பழகுவதும் எங்கள் படிப்பில் ஒரு பகுதி.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் வேன் மாமாவின் தொழிற்சாலைக்கே போயிற்று. அன்று நாற்பத்தோரு பேர். மாமா கடைசிச் சில பேரில் ஒருவராக வந்து உட்கார்ந்தார். கதவை மூடுவதற்கு முன்பு, "டாக்டரம்மா, வலிக்காம ஊசி போடுங்க" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் டாக்டர் இல்லை என்று அவரிடம் எத்தனையோ முறை சொல்லியாயிற்று.

அவருடைய கோடு ஏறக்குறைய நேராக வந்தது. அங்கங்கே ஒரு சின்ன இறக்கம், அவ்வளவுதான். பள்ளம் இல்லை. இருபத்து நான்கு வருடம் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்ற காது அப்படி இருக்க முடியுமா என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றியது மகிழ்ச்சி மட்டும்தான். 'இயல்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னபோது, "அவனுக்குச் சின்ன வயசுலேருந்தே பாம்புக் காது" என்றாள்.

மாமா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "அதான்" என்றார்.

ஆல்பத்தின் கடைசிப் பதிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் நடந்தது. முன்பு குளிர்பதனக் கிடங்காக இருந்த இடம். சுவர் ஒரு முழம் தடிமன், ஜன்னல் கிடையாது. ஒலிப்பதிவு செய்தது என் வயதுப் பெண். நான் போய்ச் சேர்ந்தபோது வாசிப்பெல்லாம் முடிந்து, ஒவ்வொரு வாத்தியத்தையும் எவ்வளவு வைப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் முதல் பாட்டைப் போட்டுவிட்டு மாமாவைப் பார்த்தாள்.

"பேஸ் ஓகேவா அங்கிள்?"

மாமா கண்ணை மூடிக் கேட்டார். "உடம்பு இருக்கு. அந்த அறை இல்லையே."

"எந்த அறை?"

"டக். சுள்ளுனு வரணும்மா. இது பஞ்சு மூட்டையில குத்தற மாதிரி இருக்கு."

அவள் ஒரு குமிழைத் திருகினாள். மாமா தலையை ஆட்டி, "இன்னும்" என்றார். மறுபடி திருகினாள். "இன்னும்."

கொண்டை தாடையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, பல்லு கூசுது."

"பல்லு கூசுதுன்னா பல் டாக்டர்கிட்ட போடா. எங்கிட்ட ஏன் சொல்ற? இன்னும் கொஞ்சம் ஏத்தும்மா."

"இதுக்கு மேல போனா ஸ்பீக்கர் கத்தும் அங்கிள்."

"கத்தட்டும். ஆல்பம் பேரே என்ன?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் இன்னொரு திருகு திருகினாள். அந்த 'டக்' என் காதுக்குள் குண்டூசியைப் போல இறங்கியது. ஆம்புலன்ஸ்காரர் எழுந்து, தண்ணீர் குடிக்கிறேன் என்று வெளியே போனார். கொண்டை முகத்தைச் சுளித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். மாமா ஒருவர் மட்டும் புன்னகை செய்தார். "ஆங். இப்ப வருது."

நான் அவள் தோளுக்கு மேலாக எட்டி அந்தக் குமிழைப் பார்த்தேன். அடியில் சின்ன எழுத்தில் 4000 என்று போட்டிருந்தது.

தினமும் நான் பென்சில் வைக்கும் இடம். அத்தனை பேருக்குக் குத்துகிற ஒலி ஒருவருக்கு மட்டும் அப்போதுதான் காதில் விழத் தொடங்குகிறது என்றால், அவருக்கு அங்கே என்ன இருக்கிறது என்று சொல்ல வேனும் கூண்டும் வேண்டியதில்லை. அப்படியானால் நான் கையெழுத்துப் போட்ட அந்த நேர்க்கோடு எங்கிருந்து வந்தது? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அன்று செய்ததை விரல்களால் மறுபடி செய்து பார்த்தேன். ஒலியை அனுப்பு, மூன்று எண்ணு. ஒலியை அனுப்பு, மூன்று எண்ணு. நாற்பத்தோரு பேர். காலை எட்டு மணியிலிருந்து என் கை கடிகாரம்போல ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

எங்கள் பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு வரி உண்டு: ஒலிகளுக்கு இடையிலான இடைவெளியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாகக்கூட வந்தது. நான் இரண்டும் வாங்கினேன். ஏன் மாற்ற வேண்டும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் படித்தவர்கள் இல்லாததால், புத்தகத்தில் இருப்பதை எழுதினால் போதும், அதுதான் தெரிந்துகொள்வது என்று நான் நினைத்திருந்தேனோ என்னவோ.

"மாமா, எங்க ஆபீஸ்ல மெஷினைச் சரிபாக்கணும். ஒரு நல்ல காது வேணும். வர்றீங்களா?" என்று கேட்டேன். பொய்தான். அவர் வார விடுமுறை அன்று முடி வெட்டிக்கொண்டு, சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

முதலில் வேனில் செய்ததுபோலவே செய்தேன். விளக்கு அழகாக எரிந்தது. பிறகு ஒலியை நிறுத்திவிட்டு, கையை மட்டும் அசைத்தபடி மூன்று எண்ணினேன். விளக்கு எரிந்தது. கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். விளக்கு எரிந்தது. ஒன்றுமே இல்லாத ஒலிக்கு என் மாமா எட்டு முறை, இம்மி பிசகாமல், பொத்தானை அமுக்கினார்.

பிறகு நான் தாளத்தை உடைத்தேன். ஒன்றை உடனே அனுப்பினேன், அடுத்ததற்குப் பத்து நொடி காத்திருந்தேன். இருட்டில் படி இருக்கிறதென்று கால் வைத்தவர் தடுமாறுவதுபோல அவர் தடுமாறினார். கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார். அதன் பிறகு வெகுநேரம் விளக்கு எரியவில்லை. நான் ஒலியை ஏற்றிக்கொண்டே போனேன். நான்காயிரத்தில், அடுத்த அறையிலிருக்கிறவருக்கே கேட்கும் அளவு வந்த பிறகுதான் எரிந்தது.

கதவைத் திறந்தேன்.

"தாளம் தப்பிட்டியே பாப்பா" என்றார்.

"தப்பலை மாமா. வேணும்னேதான்."

"போன தடவை அழகாப் போட்ட. ஒண்ணு அடிச்சு மூணு விடு. ஒண்ணு அடிச்சு மூணு விடு. அதுக்குத் தூங்கிக்கிட்டே வாசிக்கலாம்."

"கேக்காமயே அமுக்கினீங்களா?"

"டிரம்காரன் போனை எடுத்துட்டு ஓடிட்டான்னா நான் நிறுத்திடுவேனா? அடி எங்க விழணுமோ அங்க வச்சுட்டுப் போயிட்டே இருப்பேன். கை பழகிருச்சு." பெருமையாகவே சேர்த்துச் சொன்னார்: "நடுவுல நாலஞ்சு எடத்துல வேணும்னே விட்டேன், பாத்தியா? எல்லாம் சரியா இருந்தா உனக்குச் சந்தேகம் வந்துரும்னு."

நான் அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, உதடு தெரியும்படி மெதுவாகக் கேட்டேன். "எப்பத்துலேருந்து தெரியும்?"

"அஞ்சாறு வருஷம் இருக்கும். சலூன்ல உக்காந்திருக்கேன். கத்திரி காதுகிட்ட ஓடறது கண்ணாடில தெரியுது, சத்தத்தைக் காணோம். கொண்டை ஏதோ புது மாதிரி கத்திரி வாங்கியிருக்கான்னு நெனச்சேன்."

"ஏன் மாமா எங்கிட்ட மறைச்சீங்க?"

"பிரஸ்ஸுலேருந்து தூக்கி அட்டைப்பெட்டி ஒட்டற எடத்துல போட்டுருவாங்க. அது ஒண்ணு." கையிலிருந்த பொத்தானை இன்னும் அவர் கீழே வைக்கவில்லை. "அப்புறம், அது உனக்கு மொத வேலை. மாமன் காது போச்சுன்னு நீயே எழுதற மாதிரி ஏன் வைக்கணும்னு நெனச்சேன்."

இனி அந்தச் சத்தத்தின் பக்கமே போகக்கூடாது என்றேன். இரண்டாயிரத்திலும் கோடு இறங்க ஆரம்பித்திருக்கிறது, அது பேச்சு கேட்கும் இடம், இன்னும் போனால் அம்மா கூப்பிடுவதுகூடக் கேட்காது என்று தாளை வைத்துக் காட்டினேன். அவர் நல்ல மாணவனைப் போலப் பார்த்தார். பிறகு, ஆல்பம் வெளியீடு ஆறு வாரத்தில் இருக்கிறது, அதுவரை எதையும் எழுதி அனுப்பாதே என்றார்.

நாலு நாள் நான் அந்தத் தாளைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். அவருக்காகத் தயங்குகிறேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் புதுத் தாள் போனால் பழைய தாள் தப்பு என்று தெரிந்துவிடும், அதில் என் கையெழுத்து இருக்கிறது. எந்த அளவு மாமாவுக்காக, எந்த அளவு எனக்காக என்று பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. இன்றும் முடியவில்லை. ஐந்தாம் நாள் என் மேலதிகாரியிடம் கொடுத்தேன். அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "தாளத்துல விழுந்துட்டீங்களா? மொத வருஷம் எல்லாரும் விழறதுதான்" என்று சொல்லித் திருத்தம் போட்டார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த திங்கட்கிழமை மாமாவை அட்டைப்பெட்டி ஒட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். தனிக் கட்டடம், அமைதியான அறை. அவர் என் மேல் கோபப்படவில்லை. "எழுத வேண்டியதை எழுதின" என்றார். நான் சரியானதைச் செய்துவிட்டேன் என்று ஒரு வாரம் நிம்மதியாகக்கூட இருந்தேன்.

எட்டாம் நாள் அவர் வேலையிலிருந்து வந்து நேராகச் சமையலறைக்குப் போய், காற்றை வெளியேற்றும் விசிறியைப் போட்டுவிட்டு அதன் கீழே நின்றார். அடுப்பில் எதுவும் இல்லை. அம்மா, "என்னடா?" என்று கேட்டாள்.

"உள்ளே ஊதுதுக்கா."

"எது?"

"காதுக்குள்ள. யாரோ குக்கரை வச்சுட்டு எறக்காமப் போயிட்ட மாதிரி. பிரஸ் ஓடும்போது தெரியலை. அந்த ரூம்ல ஒரு சத்தம் இல்லையா, நாள் பூரா இதுதான். சாப்பிடும்போதும் ஊதுது."

எனக்கு அது என்னவென்று தெரியும். கேட்காமல் போன ஒலிக்குப் பதிலாகக் காது தானே போட்டுக்கொள்ளும் ஒலி. இத்தனை வருடம் பிரஸ்ஸின் இரைச்சல் அதை மூடி வைத்திருந்தது. அதற்கும் மருந்து இல்லை. சத்தத்திலிருந்து அவரைக் காப்பாற்றி, இந்த ஊதலின் வாயில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். எங்கள் நிலையத்திலிருந்து காது மெஷின் வாங்கி வந்து மாட்டிவிட்டேன். இரண்டு நாள் போட்டிருந்தார். "எல்லாரும் தகர டப்பாவுக்குள்ள வாயை வச்சுப் பேசறீங்க" என்று கழற்றி வைத்துவிட்டார்.

அம்மா என்னிடம் ஒரே ஒருமுறைதான் கேட்டாள், பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல். "நீ அதை எழுதறதுக்கு முன்னாடி நல்லாத்தானே இருந்தான்?"

இல்லம்மா, முன்பே அப்படித்தான் என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அவள் கேட்டதில் தப்பு எங்கே என்று எனக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு மாமா தினமும் வந்ததும் மூலையிலிருந்து ஆளை எடுத்து நிறுத்திக்கொண்டு வாசித்தார். சலூனில் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் போட்டு வாசிக்கும் நாட்களும் கூடின. நான் நிறுத்தச் சொன்னபோது, "இது ஓடும்போது மட்டும்தான் பாப்பா, அது வாயை மூடுது" என்றார். இருக்கிற காதையும் தின்னப்போகிற சத்தம்தான் அவருக்கு இருக்கும் ஒரே ஓய்வு என்றால், நான் எதைச் சொல்லித் தடுப்பது?

ஆல்பம் இணையத்தில் வந்தது. அது நன்றாக இருக்கிறது என்பதுதான் எனக்குக் கஷ்டம். முதல் பாட்டு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், ஓடும் ரயிலில் ஏறியதுபோல நடுவிலிருந்து தொடங்குகிறது. கொண்டையின் குரல் ஒருமுறை கத்தி, அதே கத்தல் ஒரு கணம் கழித்துச் சுவரில் பட்டுத் திரும்பியதுபோல இன்னொருமுறை வருகிறது. கிட்டார் கம்பி உறுமுகிறது. எல்லாவற்றுக்கும் அடியில், எல்லாவற்றையும் துரத்திக்கொண்டு, அந்த டக்-கு-டக்-கு. இருபத்து நாலு நிமிடத்தில் எட்டுப் பாட்டும் முடிந்துவிடுகிறது, மூச்சு வாங்குகிறது. கேட்டவர்கள் எழுதினார்கள். 'தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து ஓடிவிட்டது.' 'பேஸ் வாசிப்பவர் என் கடைவாய்ப்பல்லில் வாசிக்கிறார், இன்னும் வேண்டும்.' அந்த 'டக்'கை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று வேறு குழுக்காரர்கள் ஒலிப்பதிவுப் பெண்ணைக் கேட்டார்களாம். அவள் பெருமையாக எனக்குத் தகவல் அனுப்பியிருந்தாள். நான் அலுவலகத்தில் ஹெட்போனில் ஆல்பத்தைப் போட்டு, மாமாவின் தாளை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டேன். அவர் காதில் எவ்வளவு ஆழம் பள்ளமோ, ஆல்பத்தில் அதே இடத்தில் அவ்வளவு உயரத்துக்கு அந்த ஒலி குவிந்திருந்தது. ஊருக்கே பிடித்தது அதுதான்.

வெளியீடு ஒரு சனிக்கிழமை மதியம், கார் பழுதுபார்க்கும் பெரிய கொட்டகையில். தகரக் கூரை. வண்டிகளை ஓரம் தள்ளி, எண்ணெய்க் கறை மேல் மரத்தூள் தூவியிருந்தார்கள். இருநூறு பேராவது இருப்பார்கள். மாமாவின் காதுக்கு அச்செடுத்து, இசைக்காரர்களுக்கென்றே செய்யும் அடைப்பான்களை நான் கொண்டுபோயிருந்தேன். கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அவர் உடனே வாங்கிப் போட்டுக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு" என்றார். "இதைப் போட்டா டக் வருதா வரலையான்னு எனக்குத் தெரியாது. நீ எனக்கு நேரா முன்வரிசையில நில்லு. நான் உன்னைப் பாப்பேன். வருதுன்னா தலையாட்டு. வரலைன்னா ஏத்திக்கறேன்."

"சரி மாமா."

"நீ சொன்னா சரி."

முதல் பாட்டில் பார்த்தார். தெளிவாக வந்தது, ஆட்டினேன். இரண்டாவதில் பார்த்தார், ஆட்டினேன். அலுவலகத்திலிருந்து எடுத்து வந்த இரைச்சல் மீட்டர் என் கையில் நூற்று நான்கு டெசிபல் காட்டியது. அதுவே அதிகம். மூன்றாவது பாட்டில் ஆம்புலன்ஸ்காரர் உற்சாகத்தில் டிரம்மை ஓங்கி அடிக்க ஆரம்பித்தார், தகரக் கூரை சேர்ந்து அதிர்ந்தது, பேஸ் சுத்தமாக அமுங்கிப்போயிற்று. மாமா வாசித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். புருவத்தை உயர்த்தினார். வருதா?

வரவில்லை. வரவில்லை என்றால் ஏற்றுவார். நான் தலையாட்டினேன்.

அவர் பார்வை என்னை விட்டு நகர்ந்து எனக்குப் பின்னாலிருந்த கூட்டத்தின் கால்களுக்குப் போயிற்று. இரண்டு பாட்டாகத் துள்ளிக்கொண்டிருந்த கால்கள் இப்போது சும்மா நின்றன. அவர் கொண்டையைப் பார்த்தார். கொண்டை கிட்டாரிலிருந்து கையை எடுக்காமல், உதட்டைப் பிதுக்கித் தலையை இடமும் வலமும் அசைத்தார். மாமா திரும்பி என்னை ஒரு கணம் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. ஏதோ சொன்னார். டிரம்மின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

பாட்டு முடிந்ததும் இரண்டு காதிலிருந்தும் அடைப்பான்களை எடுத்து ஆம்ப்பின் மேல் வைத்தார். குனிந்து குமிழைத் திருகினார். நிமிர்ந்து தந்தியைச் சுண்டி ஓர் அறை விட்டார். கூரை வரை போய்த் திரும்பியது. கூட்டம் ஓவென்று கத்தியது, கால்கள் கிளம்பின. என் பக்கத்தில் நின்றவர் என் தோளைத் தட்டி, "பாத்தீங்களா, இதான் ஆல்பத்துல இருக்கற சத்தம்" என்றார்.

மீட்டரில் நூற்றுப் பன்னிரண்டு. நான் மாமாவைப் பார்த்துத் தலையாட்டினேன், வருது, நல்லா வருது, போதும் என்று. அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை. கண்ணை மூடியிருந்தார். நான் ஆட்டிக்கொண்டே நின்றேன்.